பள்ளி விட்டால் நேரே வீட்டுக்கு

1

காலை பதினொன்று இருபதுக்கு எல்லாம் பிசகத் தொடங்கியது. எனக்கு அது தெரியவந்தபோது பன்னிரண்டு ஆகிவிட்டது. இடையில் இருந்த நேரம் முழுக்க நான் மதுரையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் முன்வாசலில், பந்தல் நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே நுழைவுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த என் மகளுக்காக மீனாட்சியை வேண்டிக்கொண்டிருந்தேன். என் மகளோ அப்போது உள்ளேயே இல்லை.

இது நடந்தது ஈஸ்டர் விடுமுறையில். நாங்கள் ஜெர்மனிக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. நேற்று ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"ஏத்தா கலா, பிள்ளைக்கு எடம் கெடச்சிருச்சு! வெள்ளிக்கிழமைக்குள்ள சேத்துரணுமாம். என்ன செய்யப்போற?"

பின்னாலிருந்து மதினியின் குரல். "என்ன செய்யப்போறன்னு என்ன கேள்வி? சேக்கச் சொல்லுங்க. அந்த எடத்துக்கு எம்புட்டுப் பேரு அலையுறாக!"

அன்று மாலைக்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் பூங்கொத்தும் கைதட்டலும் நிறைந்துவிட்டன. முடிவு என்ன என்று கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த நாளைப் பற்றிப் பேச வாயெடுத்தால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுகிறேன். எழுதினால் முழுதாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பார்ப்போம்.

2

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் தென்பகுதியில் ஒரு சிறிய நகரம். கணவருக்கு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில். மீனா ஒரே மகள், பத்து வயது, நாலாம் வகுப்பு.

இங்கே நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்தை நோக்கிப் போகிறவர்களுக்கு ஒரு பள்ளி. அதன் பெயர் கிம்னாசியம். தொழிலோ அலுவலக வேலையோ கற்கப் போகிறவர்களுக்கு நடுத்தரப் பள்ளி. யார் எதற்கு என்று வகுப்பாசிரியை பரிந்துரை சொல்வார். அண்ணனிடம் இதைப் போனில் விளக்கியபோது, "படிக்கிற பிள்ளைய எதுக்குத்தா ஜிம்முக்கு அனுப்புறாங்க?" என்றார். அப்போது எனக்கு இன்னும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

குளிர்காலம் முடிவதற்குள் ஆசிரியை எங்களை அழைத்தார். பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க நானும் கணவரும் உட்கார்ந்திருந்தோம். மீனாவும் பக்கத்தில் இருந்தாள். இங்கே பிள்ளையை வைத்துக்கொண்டுதான் பிள்ளையைப் பற்றிப் பேசுவார்கள்.

"மீனா சந்தோஷமாகப் பள்ளிக்கு வருகிறாள். எல்லோருக்கும் உதவுகிறாள். எதையும் நிதானமாகத்தான் கற்றுக்கொள்கிறாள். நடுத்தரப் பள்ளி அவளுக்கு நன்றாகப் பொருந்தும்."

"வகுப்பில் எத்தனையாவதாக வருகிறாள்?" என்று கேட்டேன்.

"எத்தனையாவது என்றால்?"

என் ஜெர்மன்தான் தப்பாகிவிட்டதோ என்று வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். மொழியில் தப்பில்லை. அப்படி ஒரு கணக்கே அவரிடம் இல்லை.

மதுரையில் ஓர் ஆசிரியர் நம் பிள்ளையைப் பற்றி "நல்ல சந்தோஷமான பிள்ளை" என்று ஆரம்பித்தால், மார்க் வராது என்று பொருள். எனக்கு அதுதான் கேட்டது. "பிறகு மாறிக்கொள்ள வழி இருக்கிறதாம்" என்று கணவர் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் எதிர் இருக்கையில் மீனா சாக்லேட் காகிதத்தில் கப்பல் செய்துகொண்டிருந்தாள். பத்து வயதிலேயே ஒரு கதவைச் சாத்திவிட்டார்கள் என்று நான் உள்ளுக்குள் புழுங்கினேன்.

கதவு திறந்த இடம் ஒன்று எனக்குத் தெரியும். மதுரை. அண்ணன் வீட்டில் விட்டுவிடுவது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கே நல்ல பள்ளியில் படிக்கவைப்பது. வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் போய்ப் பார்ப்பது. கணவர் சம்மதமும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. மீனாவிடம் சொல்லவே இல்லை. "ஊரில் ஒரு சின்ன டெஸ்ட் எழுதிப் பார்க்கிறாயா? சும்மா" என்று மட்டும் கேட்டேன். "சரி" என்றாள். அவள் எதற்கும் சரி என்பாள்.

3

இதைச் சொன்னால்தான் மற்றது புரியும். இங்கே பிள்ளைகள் பள்ளிக்குத் தனியாகத்தான் போவார்கள். வாசல் வரை கொண்டுவந்து விடும் பெற்றோரைப் பார்த்து ஆசிரியர்கள் புன்னகையோடு தலையசைப்பார்கள். அது பாராட்டு அல்ல. மீனா மூன்றாம் வகுப்பிலிருந்து டவுன் பஸ்ஸில் நான்கு நிறுத்தம் தனியாகப் போய், ரொட்டிக்கடையைத் தாண்டி நடந்து வருகிறாள். முதல் வாரம் நான் மரத்துக்கு மரம் ஒளிந்து அவள் பின்னாலேயே போனேன். தபால்காரர் பார்த்துவிட்டுச் சைக்கிளை நிறுத்திச் சிரித்தார்.

பிறகு ஒரு நாள் அவளை எதிரில் உட்காரவைத்து வீட்டு விதியைச் சொன்னேன். பள்ளி விட்டால் நேரே வீட்டுக்கு வரவேண்டும். வழியில் நிற்கக் கூடாது. நீ வரும்போது நான் வீட்டில் இருப்பேன். வழி தெரியாவிட்டால் பெரிய ஆளிடம் கேட்காதே, பிள்ளைகளிடம் கேள். பள்ளிக்கூடப் பையோடு இருக்கிற பிள்ளையாகப் பார்த்துக் கேள்.

வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். என் பங்குக்கு நானும் ஆய்வுக்கூடத்தில் விடிகாலைப் பணிக்கு மாறிக்கொண்டேன். இருட்டில் எழுந்து பனியில் போவது எனக்குப் பிடித்தமானது அல்ல. ஆனால் மதியம் அவள் சாவி போடுமுன் நான் உள்ளிருந்து கதவைத் திறந்துவிடுவேன். "எப்படி எப்பவும் தெரியுது?" என்பாள். ஜன்னலில் நிற்கிறேன் என்று இதுவரை சொன்னதில்லை.

4

அண்ணன் பாண்டிக்கு மதுரை காளவாசலில் டைல்ஸ் கடை, வீடு நகரத்துக்கு வெளியே சமயநல்லூரில். நானும் மீனாவும் மட்டும் போய் இறங்கிய மறுநாளே ஹால் நிறைந்துவிட்டது. செய்தி ஒன்றுதான்: ஜெர்மனியில் படிப்பு சரியில்லை என்று கலா பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டாள். மீனாவை மதினி மொட்டைமாடிக்கு வற்றல் காக்க அனுப்பிவிட்டார்.

"ஸ்கூலுன்னா அதுதான் கலா," என்றார் மதினி. "ஆறாப்புலேருந்தே நீட்டுக்குத் தயார் பண்ணிருவாக. பிள்ளைக தமிழ்ல பேசுனா ஃபைனு."

"ஒன் மருமகன் வாயத் தெறந்தாலே ஃபைனுதான்," என்றார் அண்ணன் என்னிடம், தன் மகனைச் சொல்லி. "கட்டி மாள முடியல."

"பாண்டி மாப்ள, வாயி ஒன்னோட வாயி. அதுக்கு ஸ்கூலச் சொல்லி என்ன செய்ய?" என்றார் ரபீக் பாய். அண்ணன் கடைக்கு அடுத்த கடையில் பெயின்ட் விற்பவர், பழைய மதுரைக்காரர். தேர்வுக்குப் பெயர் கொடுத்துவைத்ததே அவர்தான். என் பக்கம் திரும்பினார். "எங்க தெருவுக்கு மூணு ஸ்கூல் வேன் வருது தங்கச்சி. மஞ்ச வேன்ல ஏறுற பிள்ளைக்கு ஒரு மருவாதி, நீல வேனுக்கு ஒரு மருவாதி. நடந்து போற பிள்ளையப் பாத்தா, 'என்னம்மா, வேன விட்டுட்டியா'ன்னு பாவமாக் கேக்குறாக."

"அந்த ஸ்கூல்ல அப்படி என்ன பாய் விசேசம்?" என்று கேட்டேன்.

"லேசுல எடம் கெடைக்காது."

"அது தெரியும். உள்ளே என்ன நல்லா இருக்கு?"

"எடமே கெடைக்கலைன்னா அப்ப நல்ல ஸ்கூலாத்தானே இருக்கணும்?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அதை நம்பவும் செய்தேன்.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. என் அப்பா அண்ணனை டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார். பையன் நாலு இடம் போகவேண்டியவன், நல்ல ஸ்கூல் வேண்டும் என்று ஊரே சொன்னது. பெண்ணுக்கு எது பக்கமோ அது போதும் என்றும் அதே ஊர்தான் சொன்னது. நான் தெருக்கோடியில் இருந்த அரசுப் பள்ளிக்கு நடந்தேன். நாலு இடம் போகவேண்டியவர் காளவாசலில் இருக்கிறார். பக்கத்துப் பள்ளி போதுமென்றவள் ஜெர்மனியில் இருக்கிறேன். இதை வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. அண்ணன் தினமும் மத்தியானம் வீட்டுக்கு வந்து மகன்களோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அப்பா போனபோது நான் விமானத்தில் இருந்தேன்.

அன்றைய பேச்சில் ஏழெட்டுப் பள்ளிகள் வந்துபோயின. தெருக்கோடிப் பள்ளியின் பெயரை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அண்ணன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அதன் சுற்றுச்சுவர் தெரியும்.

அந்த மாடியில் மதினி ஓர் அறையை ஒழித்து, புது மேசை போட்டு, விளக்கு மாட்டியிருந்தார். "இது ஒனக்குத்தான்டீ தங்கம்."

மீனா மேசையைத் தடவிப் பார்த்தாள். "ரெண்டு வாரத்துக்கா அத்தை இம்புட்டுப் பெரிய மேசை?"

மதினி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

5

தேர்வு நடந்த பெரிய பள்ளி, காளவாசலிலிருந்து சமயநல்லூர் வரும் பாதையில் இருக்கிறது. தேர்வு நாளன்று அண்ணன் காரில் கொண்டுவந்து எங்களை இறக்கிவிட்டார். வழி முழுக்க மீனா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தாள். "மாமா, நம்ம வீட்டுக்கு ஒரே பஸ்தானா?" என்று கேட்டாள். "ஒரே பஸ்தான்டா. ஆனா நீ எதுக்குப் பஸ்ஸுல போற, ஒனக்கு ஏசி வேன் வரும்," என்றார் அண்ணன்.

பள்ளியின் முன்வாசலில் திருவிழாக் கூட்டம். சில தாய்மார்கள் கடைசி நிமிடம் வரை பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மீனா தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேன்" என்று கையாட்டிவிட்டு உள்ளே போனாள். முன்னே போன ஒரு பையன் அழுதான். அவனுக்குக் கைகொடுத்துக் கூட்டிப்போனதைப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வாட்ச்மேன் முன்கேட்டைச் சாத்த வந்தார்.

"அண்ணே, அஞ்சாப்பு டெஸ்ட் இன்னும் முடியலையா?"

"அது அப்பவே விட்டாச்சேம்மா. பிள்ளைக பின்கேட்டு வழியாப் போயிருப்பாக."

"பின்கேட்டா? யாரும் சொல்லலையே?"

"மைக்குல சொன்னோமே. சின்னப் பிள்ளைகளுக்கு முன்கேட்டு, அஞ்சாப்புலேருந்து பின்கேட்டு. வருசா வருசம் இதானம்மா. எல்லாருக்கும் தெரியுமே."

எல்லோருக்கும் தெரிந்தது எனக்குத் தெரியாமல்போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. மைக் பேசியபோது நான் கணவரிடம் போனில், கூட்டத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நல்ல பள்ளிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பின்கேட்டில் வேன்கள் போய்விட்டிருந்தன. தரையில் எண்ணெய்ப் பிசுக்கும், மிதிபட்ட மாங்காய்த் துண்டுகளும். கரும்புச்சாறு வண்டியருகே நின்ற இரண்டு மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கழுத்துல நகை கிடந்துச்சா?"

"வெளிநாட்டுப் பிள்ளையா? ஐயோ, வெவரம் தெரியாதேக்கா!"

"வெள்ளை கார் ஒண்ணு ரொம்ப நேரமா நின்னுச்சு…"

அந்த வெள்ளைக் காருக்குப் பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. யாரோ என் போனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

6

இங்கே என் மேசையில் ஒரு சின்னத் தாள் கிடக்கிறது. மதுரை டவுன் பஸ் டிக்கெட். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனாலும் சீட்டு கிழித்துக் கொடுப்பார்கள். மீனா இதை வகுப்பில் காட்டி, "என் அம்மாவின் ஊரில் பெண்களிடம் பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள்" என்று சொன்னாளாம். பையன்கள் சண்டைக்கு வந்தார்களாம். என் ஊரைப் பற்றி அவள் வகுப்பில் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. இதற்கு முன் என் சோற்று டப்பாவைக்கூட அவள் பள்ளிக்குக் கொண்டுபோக மறுத்தவள்.

7

காளவாசல் போலீஸ் பூத்தில் ஓர் இளம் பெண் காவலர் இருந்தார். அண்ணனும் ரபீக் பாயும் கடைகளை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பாய் உட்காராமல் பைக்கிலேயே இரண்டு தடவை பள்ளிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பிள்ளைக்குத் தமிழ் வருமாக்கா?"

"வரும்."

"டிவி தமிழா, நம்ம தமிழா?"

"நம்ம தமிழ்தான். வாரேன் போறேன்னுதான் பேசுவா."

"அப்ப அழுவாதீக. யாரயாச்சும் கேட்டு வந்துரும். போட்டோ காட்டுங்க."

போனில் தேடினேன். பனியில் மீனா, சறுக்குக் கட்டையில் மீனா, கம்பளிக் கோட்டில் மீனா. எல்லாவற்றிலும் கண்ணும் மூக்கும்தான் தெரிந்தன.

"குல்லா இல்லாம ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டார், பாவமாக. பிறகு, "பாஸ்போர்ட்டு இருக்குல்ல? அதுல மொகம் தெரியும். வெளிநாட்டுல இருக்குற பிள்ளைன்னா மேலயும் சொல்லணும், நம்பர் கேப்பாக."

அண்ணன் மதினிக்குப் போன் செய்தார். மதினி என் பெட்டியைக் கலைத்துப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். வரும்போதே அழுதுகொண்டு வந்தார்.

பெண் காவலர் எழுதிக்கொண்டே கேட்டார். "வீட்ல எதுவும் சண்டையா? கோவிச்சுக்கிட்டுப் போற பிள்ளையா?"

"இல்ல."

"இந்த ஸ்கூல் பிடிக்கலைன்னு சொல்லுச்சா?"

"அவளை இங்க விட்டுட்டுப் போறேன்னு அவகிட்ட இன்னும் சொல்லவே இல்ல."

அவர் எழுதுவதை நிறுத்தினார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லலையா? ஏத்தா…" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து அதோடு விட்டுவிட்டார். ஆனால் எனக்குள் அந்தக் கேள்வி விழுந்துவிட்டது. பெரிய மேசையைத் தடவியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டதோ? தெரிந்துதான் போய்விட்டாளோ?

"சரி, இப்ப வீட்ல யாரு இருக்கா?" என்றார் காவலர்.

"யாருமில்ல, பூட்டிட்டு வந்துட்டேன்," என்றார் மதினி.

"எல்லாரும் இங்க வந்து நின்னா? பிள்ள அங்க வந்தா பூட்டப் பாத்துட்டு எங்க போகும்?"

"அவளுக்கு வழி தெரியாதும்மா. வந்து ஒரு வாரம்தான் ஆச்சு," என்றேன்.

"ஒங்க பிள்ளைக்கு என்ன தெரியும் தெரியாதுன்னு இப்ப நாம சொல்ல முடியாதுக்கா. மொதல்ல வீட்டுக்குப் போங்க. நான் ரோந்து வண்டிக்குச் சொல்றேன்."

8

முடிவு என்ன என்று எல்லோரும் கேட்ட கேள்விக்கு என் பதில் அன்று மத்தியானமே வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணனும் மதினியும் அதைப் பக்கத்தில் நின்றே கேட்டார்கள். ஆனாலும் நேற்று கூப்பிட்டுக் கேட்கிறார்கள் என்றால், மறுபடி ஒருமுறை சொல்லவேண்டும் போலிருக்கிறது.

வெயில் தெருவைக் காலி செய்திருந்தது. எல்லா வீடும் சாத்திக் கிடந்தது. எங்கள் வாசல் கேட்டின் பூட்டுக்குக் கீழே, படியில், மீனாவின் தண்ணீர் பாட்டில் நின்றது. எடுத்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை.

வந்திருக்கிறாள். அந்தச் சாலையிலிருந்து, தனியாக, வழி கண்டுபிடித்து வந்திருக்கிறாள். பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் "மீனா, மீனா" என்று சத்தம் போட்டுக்கொண்டே தெருவின் ஒரு முனைக்கு ஓடினார்.

மறுமுனையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டிவந்த அம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஹெல்மெட் போட்டிருந்தார். பின்னால் மீனா, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"டைல்ஸ் கடைக்காரர் வீடு இதானே? பயப்படாதீக, பயப்படாதீக, பிள்ள நல்லா இருக்கா," என்று வண்டியை நிறுத்துமுன்பே சொன்னார். "நான் இங்க கவர்மென்ட் ஸ்கூல் ஹெச்.எம். எங்க எட்டாப்புப் பிள்ளைக மத்தியானப் பரிச்சைக்கு வந்துக்கிட்டிருந்திருக்குதுக. ஊரெல்லாம் சுத்தி வார பஸ்ஸு, அதுல இவ அதுககிட்ட வழி கேட்டிருக்கா. வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டுருக்குதுக. பூட்டிக் கெடக்கவும், வெயில்ல நிக்க வேணாம்னு ஸ்கூலுக்குக் கூட்டியாந்துருச்சுக. அம்மா நம்பர் என்னன்னு கேட்டேன், ஜெர்மனி நம்பர கடகடன்னு சொல்றா. எங்கிட்டுப் போகும் அது? பரிச்சைய ஆரம்பிச்சு விட்டுட்டு ஓடியாரேன்."

"சாப்பிட்டாளா டீச்சர்?" இது மதினி.

"எங்க பிள்ளைகளோட வரிசைல ஒக்காந்து சாப்பிட்டா. முட்டைல மஞ்சக்கருவ மட்டும் பக்கத்துப் பிள்ளைக்குக் குடுத்துட்டா."

திரும்பி ஓடிவந்த அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "பின்கேட்டு வழியா விட்டுட்டாங்க டீச்சர். தங்கச்சி முன்கேட்டுல நின்னுருக்கு."

"அந்த ஸ்கூல்ல அப்படித்தானே. பெரிய பிள்ளைகன்னா பின்கேட்டுதான். என் மகளும் அங்கதான் படிக்கிறா," என்றார் அவர். சொன்ன பிறகு ஹெல்மெட் பட்டையைக் கொஞ்ச நேரம் சரிசெய்துகொண்டிருந்தார். ஏன் என்று கேட்க எங்களுக்கு என்ன தகுதி?

மீனா வண்டியிலிருந்து இறங்கினாள். அழவில்லை. முகம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. யாரோ இரட்டைச் சடை பின்னிவிட்டிருந்தார்கள். படியில் உட்கார்ந்திருந்த என் எதிரே வந்து நின்று, என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் வழியில நிக்கல. பெரிய ஆள்கிட்ட கேக்கல, பை வச்சிருந்த அக்காங்ககிட்டதான் கேட்டேன். பள்ளி விட்டதும் நேரா வீட்டுக்குத்தான் வந்தேன்," என்றாள். "நான் வரும்போது வீட்ல இருப்பேன்னு சொன்னியே. நீ ஏன்மா இல்ல?"